வலைப்பக்கம் ஆக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் நண்பர்களே,

கல்லூரிப் படிப்பை முடித்தோ முடிக்காமலோ, சொந்த ஊரில் இருந்தபடியோ நகரத்து அறையொன்றில் நால்வரோடு நெருங்கித் தங்கியோ, இணையத்துக்குப் பக்கங்கள் ஆக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக இதே தொழிலில் இருந்து வருகிறவன் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுதுவதற்கு எனக்கு வேறு பாத்தியதை கிடையாது. ஆனால் இத்தனை வருஷங்களில், பகலில் வேலையின் நிமித்தமாகவும், இரவில் வெறும் ஆசையின் நிமித்தமாகவும், பிறர் எழுதிய நிரல்களைத் திறந்து படித்துப் படித்து நான் சேர்த்து வைத்திருக்கும் சில விஷயங்கள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிரியமான சிலவற்றை உங்கள் முன் வைக்க வேண்டுமென்பதும், அவையெல்லாம் சேர்ந்து என் மனத்தில் உறுதிப்படுத்திய ஓர் எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டுமென்பதுமே என் உத்தேசம்.

முதற்காரியமாக, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய முகவரிக்குப் போய், உலகத்தின் முதல் வலைத்தளத்தை உங்கள் கைபேசியிலேயே திறந்து பாருங்கள். 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் தம் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்த ஒரு யோசனை, 1990-ஆம் வருஷம் முடிவதற்குள் ‘நெக்ஸ்ட்’ என்னும் கணினியில் உயிர்பெற்று இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஒற்றைக் கணினிதான் அன்றைக்குச் சர்வர். யாரேனும் விஷயம் தெரியாமல் அதன் பொத்தானை அழுத்திவிட்டால் உலகத்து வலை முழுவதும் அணைந்துபோகும் என்பதால், இதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதியன்று, இந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று செர்ன் அதை உலகத்தின் பொதுச் சொத்தாக்கியது. இடையில் பல காலம் அந்த முதற்பக்கம் தன் முகவரியில் இல்லாமற் போயிருந்தது. 2013-இல், பழைய பிரதி ஒன்றைக் கொண்டு, அதே முகவரியில் அதை மறுபடியும் நிறுத்தினார்கள்.

பக்கத்தைப் பார்த்தது போதுமென்று போய்விடாமல், கணினியில் திறந்து ‘வியூ சோர்ஸ்’ கொடுத்து அதன் மூல நிரலையும் பாருங்கள். நாம் இன்று ‘ஹெட்’ என்று எழுதும் இடத்தில் ‘ஹெட்டர்’ என்று எழுதியிருக்கும். ‘நெக்ஸ்ட்ஐடி’ என்று இன்று எவரும் கேள்விப்படாத ஒரு குறி, 55 என்ற எண்ணோடு நின்றுகொண்டிருக்கும். மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கண்டிப்பாய்ச் சொல்லிக் கொடுத்த மதிப்புகளில் சில குறியில்லாமல் வெறுமனே கிடக்கும்; பத்தியை மூடும் குறி எங்குமே இராது. இன்றைய இலக்கணத்தை வைத்துத் திருத்தினால் தாளெல்லாம் சிவப்பாகிவிடும் இந்தப் பக்கத்தை, முப்பது வருஷங்களுக்குப் பின் பிறந்த உங்கள் உலாவி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முழுமையாகக் காட்டுகிறது. தனக்குத் தெரியாத குறி எதிர்ப்பட்டால், அதற்காகப் பக்கத்தையே மறுத்துவிடாமல், குறியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைப் படிப்பவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பது ஆதியிலிருந்து உலாவிகள் ஏற்றுக்கொண்ட மரியாதை. அந்த மரியாதை இருந்ததனால்தான் படம், பாட்டு, நிகழ்படம் என்று பின்னால் வந்த எல்லாம், முன்னால் இருந்ததை இடிக்காமல், பக்கத்தில் ஓர் அறையை இழுத்துக் கட்டிக்கொள்வதுபோல வந்து சேர முடிந்தது.

நான் சொல்ல வந்த எண்ணம் இதுதான்: ஒரு முறை உலகத்தார் முன் வைத்த பக்கம், அதை வைத்தவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்றைக்கும் திறக்க வேண்டும், அப்படித் திறக்கும்படி பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் தலையாய தர்மம். வேகம், அழகு, புதிய கருவிகள் ஆகிய எல்லாவற்றையும் அதற்கு அடுத்த வரிசையில்தான் நான் வைப்பேன்.

இந்தத் தர்மத்தின் பொருட்டு, உலகம் ஓர் எழுத்துப் பிழையைக்கூட நிரந்தரமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஒருவர் நம் பக்கத்துக்கு வந்தார் என்பதைச் சர்வருக்குத் தெரிவிக்கும் ‘ரெஃபரர்’ என்னும் தலைப்புவரியை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் நடுவே இரட்டித்து வர வேண்டிய ‘ஆர்’ என்ற எழுத்து ஒற்றையாய் நிற்பதை உற்றுப் பார்த்தீர்களோ என்னவோ. தொண்ணூறுகளில் இந்த யோசனையை முன்வைத்தவர் எழுதும்போது நேர்ந்த பிழை அது. 1996 மே மாதம் வெளிவந்த எச்.டி.டி.பி. ஆவணத்தில் அது அப்படியே ஏறிவிட்டது. பிழையென்று எல்லோருக்கும் புலப்பட்டபோது, அதைத் திருத்தினால் நின்றுபோகக்கூடிய சர்வர்கள் உலகமெங்கும் பெருகிவிட்டன. பின்னாளில் அதே விஷயத்தைப் பற்றி ‘ரெஃபரர்-பாலிசி’ என்று மற்றொரு தலைப்புவரியை வகுத்தபோது அதைச் சரியான எழுத்துக்களோடு எழுதினார்கள். ஆகவே பிழையான அண்ணன் உலாவி அனுப்பும் கேள்வியிலும், பிழையில்லாத தம்பி சர்வர் அனுப்பும் பதிலிலும் உட்கார்ந்து, நொடிக்குக் கோடிக்கணக்கான முறை உலகத்தைச் சுற்றி வருகிறார்கள்.

இதைவிட விநோதமான ஒரு வம்சாவளி, ஒவ்வோர் உலாவியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் இருக்கிறது. குரோமில் அந்த வரியைப் பார்த்தால் அது ‘மொஸில்லா’ என்று தொடங்கி, ஆப்பிளின் வெப்கிட்டைச் சொல்லி, ‘கெக்கோவைப் போன்றது’ என்று அடைப்புக்குள் ஒரு வார்த்தையும் வைத்து, அதன் பிறகே தன் பெயரைச் சொல்லி, கடைசியில் சஃபாரி என்றும் முடிக்கிறது. மொஸில்லா என்பது நெட்ஸ்கேப் உலாவியின் செல்லப்பெயர். புதிய வசதிகள் உள்ள பக்கங்களைச் சர்வர்கள் அந்தப் பெயரைக் கேட்டவுடனேதான் அனுப்பின. அதனால் அடுத்து வந்த மைக்ரோசாஃப்டின் உலாவி தானும் மொஸில்லாவே என்றது. அதற்கும் அடுத்து வந்தவை முந்தியவற்றின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தன. ஆசாரத்தோடு பாட்டன் முப்பாட்டன் பெயர்களைச் சொல்லித் தன் பெயரையும் சொல்லி நமஸ்கரிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா. எனக்கு அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாபகமே வருகிறது. அதில் ஒரு பெயரை எடுத்தாலும், எங்கோ ஒரு பழைய தளம் கதவைச் சாத்திவிடும்.

நான் மிகவும் மதிக்கும் ஒரு நிகழ்ச்சி 2018-இல் நடந்தது. பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கியிருப்பதை ஒரே வரிசையாகப் பிரித்துப் போடும் வசதியை ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்க எண்ணி, அந்த மொழியின் இலக்கணத்தை வகுக்கும் குழுவினர் அதற்கு ‘ஃப்ளாட்டன்’ என்று பெயர் சூட்டினார்கள். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதை ஏற்றிய உடனே, ஜெர்மனியின் வானிலைத் தளமொன்று பழுதடைந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது அது ‘மூடூல்ஸ்’ என்ற பழைய நூலகத்தில் போய் முடிந்தது. 2006-இல் வெளிவந்து, பின்னர் பெரும்பாலோர் மறந்துவிட்ட அந்த நூலகம், பட்டியல்களுக்குத் தன்னுடைய சொந்த ‘ஃப்ளாட்டன்’ ஒன்றைப் பொருத்தி, பிறகு பட்டியலின்மேல் வெளிப்படையாகத் தெரியும் வசதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணித் தன் வேறொரு பொருளுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கும். உலாவி தானாகவே கொடுக்கும் வசதிகள் அப்படி எண்ணும்போது கண்ணுக்குத் தெரியாதவை. அதே பெயரில் உலாவியே ஒன்றைக் கொடுத்துவிட்டால், மூடூல்ஸ் தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தாலும், இடத்துக்கு உரிய மறைவு மாறுவதில்லை. ஆதலால் எண்ணும்போது அது விடுபடுகிறது; நகல் ஏறுவதில்லை; நகலை நம்பியிருந்த பக்கம் நின்றுபோகிறது.

குழுவினர் நினைத்திருந்தால், கைவிடப்பட்ட நூலகத்துக்காக ஒரு மொழி வளையலாமா என்று கேட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ‘ஸ்மூஷ்’ என்று பெயரை மாற்றிவிடலாமென்று வேடிக்கையாக வந்த ஒரு யோசனையைப் பற்றிச் சில வாரங்கள் பெரும் வாக்குவாதம்கூட நடந்தது. முடிவில் ‘ஃப்ளாட்’ என்று சுருக்கி வைத்து, 2019-ஆம் வருஷத்து இலக்கணத்தில் சேர்த்தார்கள். இதற்குச் சில வருஷங்கள் முன்பும் இதே மூடூல்ஸை உத்தேசித்தே ‘கன்ட்டெயின்ஸ்’ என்று வைக்க இருந்த பெயரை ‘இன்க்ளூட்ஸ்’ என்று மாற்றியிருந்தார்கள். நீங்கள் தினமும் தட்டச்சு செய்யும் அந்த இரண்டு சொற்களிலும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் எப்போதோ ஆக்கி வைத்துவிட்டுப் போன பக்கத்தை உடைக்கக் கூடாதென்ற கவலை உறைந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் குழுவுக்கு விண்ணப்பம் போட்டவர் அல்லர். தமக்காக இப்படி ஒரு விவாதம் நடந்தது என்பதே அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றுமில்லாமையின் இனம் என்னவென்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று பதில் வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் அந்த மொழியின் முதல் உருவத்தை ஆக்கியபோது நுழைந்த குறை அது. திருத்தலாமா என்று பின்னாளில் யோசித்து, திருத்தினால் உடையும் பக்கங்களை எண்ணி, விட்டுவிட்டார்கள். மாறாக, 2016 மார்ச் 22-ஆம் தேதி, எழுத்துக்களின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரி நிரல் ஒன்றை, அதை எழுதியவர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார், அதை நேராகவும் மறைமுகமாகவும் நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் அன்றைக்கு ஒருங்கே நின்றன. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்ததோடு, வெளியிட்டதை நினைத்தபோது நீக்கிக்கொள்ளும் உரிமைக்கும் அதற்குப் பின் வரம்பு வகுத்தார்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்க வேண்டும் என்பதை இந்தத் தொழில் அப்படிக் கஷ்டப்பட்டும் கற்றுக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் அறிவின் காரியம். அன்பின் காரியமாக நிரலில் பதிந்துவிட்ட ஒன்றையும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். சி.எஸ்.எஸ்.ஸில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிறங்களில் ‘ரெபெக்காபர்ப்பிள்’ என்று ஒன்று இருக்கிறது. எண்ணால் எழுதினால் 663399. சி.எஸ்.எஸ்.ஸை உலகுக்குக் கற்றுக் கொடுத்த எரிக் மேயர் என்பவரின் மகள் ரெபெக்கா, மூளையில் உண்டான புற்றுநோயால், 2014 ஜூன் 7-ஆம் தேதி, தன் ஆறாவது பிறந்தநாளன்று இறந்துபோனாள். ஊதா அவளுக்குப் பிரியமான நிறம். அவர் எழுத்தைப் படித்துத் தொழில் கற்றவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து, அந்த நிறத்துக்கு அவள் பெயரை வைக்க வேண்டுமென்று கேட்டார்கள். அந்த மாதமே அது தரத்தில் ஏறிற்று. முதலில் அவள் செல்லப்பெயரான ‘பெக்கா’வை வைத்து நிறத்தை அழைக்கவே யோசனை இருந்தது. ஆனால் ஆறு வயது ஆனவுடன் தன்னை எல்லோரும் முழுப்பெயரால்தான் அழைக்க வேண்டும், பெக்கா என்பது குழந்தைப் பெயர் என்று அவள் சொல்லி வைத்திருந்தாளாம். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் அவள் ஆறு வயதுப் பெண்ணாக இருந்தாள். ஆகவே முழுப்பெயரே இருக்கட்டும் என்று தந்தை கேட்டுக்கொண்டார். இன்று உலகத்தில் உள்ள ஒவ்வோர் உலாவியிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஒன்றை இட்டால் பின் எடுப்பதில்லை என்ற சம்பிரதாயம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட ஞாபகத்தை யார் வைக்கத் துணிவார்கள்?

இவ்வாறு மொழியும் உலாவியும் தங்கள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, பக்கம் ஆக்குகிற நாம் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறோம் என்று பார்த்தால் மனம் வருந்துகிறது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்து வருஷங்களுக்குள் திறக்காமற் போய்விட்டன என்று பியூ ஆராய்ச்சி நிலையம் 2024-இல் கணக்கெடுத்துச் சொன்னது. நல்ல முகவரி மாறாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே ஒரு கட்டுரையின் தலைப்பாகவே எழுதி வைத்தார். தளத்தைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று சொல்லி, பழைய முகவரிகளை ஒரே இரவில் அழித்துவிட்டு, தேடி வருகிறவரை 404 என்ற வாசலில் நிறுத்துகிறோம். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற குறியோடு வழிகாட்டி வைப்பதற்குச் சில வரிகள் போதும், அதையும் எழுதுவதில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கூட, கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்கு அனுப்புங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

தமிழுக்கு இந்த நஷ்டம் இரட்டை நஷ்டம். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறிய காலம் தொட்டு, யூனிகோட் பரவும் வரையில், தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் தனித்தனி எழுத்துருக்களை நம்பி வாழ்ந்தன. ஐரோப்பிய எழுத்துக்களுக்கு உரிய எண்களின்மேல் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் திறக்கும், ஆனால் தமிழ் தெரியாது. டிஸ்கி, டாம், டாப் என்று தரங்கள் வகுத்தும் சிதறல் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகமெங்கும் இருந்த அன்பர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய நூல்களை முதலில் அன்றைய எழுத்துருவிலும், பிறகு டிஸ்கியிலும், பிறகு யூனிகோடிலும் என்று ஒவ்வொரு முறையும் சிரத்தையோடு மாற்றி மாற்றிக் காத்து வந்ததனால்தான் நாம் இன்று அவற்றை வாசிக்கிறோம். அதை நடத்தி வந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் இருந்தது லோசான் நகரம். முதல் வலைப்பக்கம் பிறந்த ஜெனீவா எந்த ஏரியின் முனையில் இருக்கிறதோ, அதே ஏரியின் வடகரை.

யூனிகோட் வந்து பெரும்பாலான துன்பம் தீர்ந்துவிட்டது. நம் கவனமின்மை மட்டும் தீரவில்லை. என் சிற்றப்பாவின் பெயர் மீனாட்சிசுந்தரம். அவருக்காக ஓர் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தை நான் இணையத்தில் நிரப்பினேன். அச்சாகி வந்த அட்டையில் ‘மீனாட்சிசுந்தரம’ என்று இருந்தது. கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். படிவத்தின் மூல நிரலைத் திறந்தேன்; பெயருக்கு ‘மேக்ஸ்லெங்த்’ 15 என்று இருந்தது. நாம் விரல்விட்டு எண்ணினால் அந்தப் பெயரில் எழுத்து ஒன்பது. ஆனால் யூனிகோடில் மெய்யின் புள்ளி ஓர் எண், உயிர்மெய்யின் காலும் கொம்பும் சுழியும் ஒவ்வோர் எண். ஆகவே உலாவியின் கணக்கில் அது பதினாறு. பதினாறாவதாக நின்றது அந்தப் புள்ளி. ஆங்கிலப் பெயர்களை வைத்து யோசித்த ஒருவர் பதினைந்து தாராளம் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம், ஆனால் தொண்ணூறை நெருங்கும் மனிதர் ஒருவர் தம் பெயரைத் தமக்கே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளும்படி ஆயிற்று.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, பயிற்சிப் பாடங்களில் வருவதுபோல் திருப்பிப் போடச் சொல்லிப் பாருங்கள். இயந்திரத்துக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. திருப்பினால், முன்னால் புள்ளி அநாதையாய் வந்து நிற்கும். மகரத்தின்மேல் இருந்த இகரக் குறி, இப்போது முன்னே வந்துவிட்ட ழகரத்தைப் பற்றிக்கொண்டு, ‘ழிமத’ என்று புதிதாய் ஒரு சப்தம் பிறக்கும். நாம் எழுத்தென்று கருதுவதை எழுத்தாகவே பிரித்துக் கொடுக்கும் ‘செக்மென்டர்’ என்ற வசதி இப்போது குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது; ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்துங்கள். தேடல் வசதி எழுதுகிறவர்கள் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தின்மேலும் ஒரு கண் வையுங்கள். ஸகரத்தைக் கொண்டு எழுதுவது ஒரு வழி. 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு எழுதுவது மற்றொரு வழி. கண்ணுக்கு இரண்டும் அச்சாக ஒன்றே. ஒரு வழியில் ஸ்ரீரங்கத்தை எழுதி வைத்து, மற்றொரு வழியில் தேடுகிறவருக்கு ஸ்ரீரங்கமே உலகில் இல்லையென்று உங்கள் தளம் பதில் சொல்லும்.

கடைசியாக, என்னைச் சேர்ந்த ஒரு காரியம். பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், எங்கள் பக்கத்து ஏரிகள், மதகுகள், வாய்க்கால்கள், வயல்கள் இவற்றின் பெயர்களைப் பற்றி, ஒவ்வோர் ஊராகச் சைக்கிளில் போய்க் கேட்டறிந்து, நாற்பத்து மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார். 1999-இல் நான் அவற்றை, அன்று கையில் கிடைத்த ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து, இலவசமாய் இடம் கொடுத்த ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றினேன். சில வருஷங்களில் அந்த நிறுவனம் இடத்தை மூடிவிட்டது. ஆசிரியர் காலமானார், அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து வீணாயின. என்னிடம் எஞ்சியது ஒரு குறுந்தகடும், ஒரே ஒரு கட்டுரையின் அச்சுப் பிரதியுமே. தகட்டிலிருந்த கோப்புகளைத் திறந்தபோது, தலையில் புள்ளியும் கோடும் வாலும் சுமந்த ஐரோப்பிய எழுத்துக்கள் பக்கம் பக்கமாக வந்தன. எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை.

அச்சுப் பிரதியை ஒரு பக்கமும் திரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, எந்த எண் எந்த வடிவம் என்று ஓர் அட்டவணை எழுதினேன். அதற்குப் பத்து இரவுகள் ஆயின. வடிவம் தெரிந்த பின்னும் வேலை முடியவில்லை. அந்த நாள் எழுத்துருக்கள், தட்டச்சுப் பொறியைப்போல, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகக் கிடக்கும். யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். ஆகவே கொம்பைக் கண்டால், அடுத்த மெய்யைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அதற்கும் பின்னால் கால் இருந்தால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இதை நிரல் செவ்வனே செய்தது. ஔகாரத்தில்தான் சிக்கிக்கொண்டது. அந்த எழுத்துருவில் ஔகாரத்தின் பின்குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் ‘தெளிவு’ உடைகிறது. எல்லாவற்றையும் ளகரமாக்கினால் ‘கௌரவம்’ கெடுகிறது. இணையத்தில் இன்றைக்கும் எத்தனையோ இடங்களில் கௌரவம் என்ற சொல் ளகரத்தோடு நிற்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே என்று ஒரு விதி வைத்தேன். அதனால் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சத்தை, நாற்பத்து மூன்று கட்டுரைகளையும் வரிவரியாய் வாசித்து, நானே தீர்த்தேன். வாசிக்க வாசிக்க அவர் குரல் கேட்டது.

ஒரு சொல் மட்டும் தீரவில்லை. பன்னிரண்டாவது கட்டுரையில் ஒரு மடையின் பெயர் வருகிறது. வெள்ளமடை என்பதை அந்த ஊரார் சுருக்கி வெளமடை என்று சொல்லியிருக்கலாம். வௌவால் அடைந்ததனால் வௌமடை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நம் நாட்டு வழக்கில் இடம் உண்டு, கோப்பில் இரண்டுக்கும் ஒரே எண்கள். ஊருக்குப் போய்க் கேட்டேன். இப்போது எல்லோரும் அதைப் பழைய மடை என்றுதான் சொல்கிறார்கள். மடையும் தூர்ந்து கிடக்கிறது. அந்தக் கட்டுரைகளை மறுபடியும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். படங்கள் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தில் வெளமடை என்று போட்டிருக்கிறேன். ஆனால் அதன் மூல நிரலைத் திறப்பீர்களானால், அந்தச் சொல்லை அடுத்து, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக, பழைய கோப்பில் இருந்த எண்களை அதே வரிசையில் எழுதி, மற்ற பாடத்தையும், நான் போய்க் கேட்ட தேதியையும், எந்தத் தெருவில் கேட்டேன் என்பதையும் வைத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர் எவரேனும் உங்களில் இருந்தால், வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அன்புள்ள,
பக்கம் ஆக்கும் ஒருவன்